நோலன் ரோல் சுட்ட குளிர்காலம்

நவம்பர் 7, வியாழன்

பள்ளிக்கூடத்தில் இன்று சில்லி நாள். கறியும் பீன்ஸும் கொதிக்கவிட்ட சில்லி ஒரு கிண்ணம், பக்கத்திலேயே சர்க்கரைப் பாகு வழியும் சினமன் ரோல். வெளியூர்க்காரர்களுக்கு இது ஒட்டாத ஜோடியாகத் தெரியுமாம், தெரிந்துவிட்டுப் போகட்டும். காலையிலிருந்து, பள்ளிச் சமையலறையில் என்னோடு வேலை செய்யும் ஆர்டிஸும் நானும் மாவு உருட்டியதில் என் தோள்பட்டை கழன்றுவிட்டது. வரிசையில் வந்த பிள்ளைகள் எல்லாம் இன்னொன்று கேட்டுப் பல்லிளித்தார்கள். நான் பெற்ற பிள்ளை மட்டும் ரோல் தட்டைப் பார்க்காமலே நகர்ந்தான்.

"என்னடா, அம்மா சுட்டது ஆகாதா?"

"திங்கக்கிழமை சீசன் ஆரம்பிக்குதும்மா."

குஸ்தி சீசன். ஐயோவாவில் இந்த ஊரில் அதற்குமேல் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். நானும் கேட்கவில்லை.

நவம்பர் 16, சனி

நோலன் குஸ்தியில் நூற்றிருபத்தாறு பவுண்டு எடைப் பிரிவுக்கு இறங்குகிறான். அதற்கு மேலே உள்ள பிரிவுகளில் பெரிய வகுப்புப் பையன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், இறங்கினால் உனக்கு இடம் நிச்சயம் என்று கோச் ஹாவர்கேம்ப் சொல்லிவிட்டார். சோளம் அறுக்கும்போது நூற்று நாற்பதைத் தாண்டியிருந்தவன். சோதித்துப் பார்த்து, இதுவரை இறங்கலாம் என்று சீட்டே கொடுத்திருக்கிறார்கள், பிறகென்ன பயம் என்கிறான் என் புருஷன் கர்ட். "நானும் இறங்கினவன்தான். செத்தா போயிட்டேன்?"

கர்ட் மாநிலப் போட்டியில் நான்காவதாக வந்தவன். பள்ளி ஜிம் வாசலில் அவன் படம் இன்னும் தொங்குகிறது, கழுத்து தெரியாத தோளும் ஒட்டிய கன்னமுமாக. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நானும் மயங்கினேன், அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

நவம்பர் 28, தேங்க்ஸ்கிவிங்

ஒரு அதிசயம். நோலன் சமைக்க ஆரம்பித்திருக்கிறான். என் சமையல் அட்டைகள் இருக்கும் தகரப் பெட்டியை அறைக்கே எடுத்துப்போய்விட்டான். இன்று அடுப்பில் சுட்ட பூசணி பை, ஆப்பிள் பை, விடிவதற்குள் சினமன் ரோல் வேறு. மாவு அப்பிய கையோடு எங்கள் எதிரில் நின்று, "நல்லா இருக்கா? இன்னொண்ணு எடுத்துக்கோங்கப்பா. ஓரம் வேண்டாம், நடுவுல இருக்கறது மெத்துனு இருக்கும்" என்றான். அவன் தின்றது வான்கோழியில் ரெண்டு துண்டு, அதுவும் தோலை உரித்துவிட்டு.

ரோல் சப்பென்று இருந்தது. அந்த அட்டையில் உப்பை நான் எழுதியதே இல்லை, எப்போதும் கைக்கணக்காகப் போடுவது. கர்ட் மேசைக்கடியில் என் காலை மிதித்தான். சொல்லாதே என்று அர்த்தம். பதினாறு வயதுப் பையன் ஆசையாகச் சுட்டுப் போடுகிறான், உப்பு ஒரு குறையா? இரண்டு பேரும் ஆளுக்கு மூன்று தின்றோம்.

எத்தனை வீட்டில் இப்படி ஒரு பிள்ளை கிடைக்கும் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

டிசம்பர் 14, சனி

நான்கு பந்தயம், நான்கும் ஜெயம். பெட்ரோல் பங்கில் முன்பின் தெரியாதவர்கள்கூட கர்ட்டின் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள்.

எடை பார்க்கும் நாளுக்கு முந்தைய தினம் அவன் தண்ணீரும் குடிப்பதில்லை. கையில் ஒரு காலி பாட்டில், அதில் எச்சில் துப்பிக்கொண்டே இருக்கிறான். எங்கள் பன்றிக் கொட்டகையைச் சுற்றி, மேலே குப்பைப் பையைக் கிழித்து மாட்டிக்கொண்டு ஓடுகிறான். கேட்டால் எடை குறைய எல்லாரும் செய்வதுதானாம். வீட்டுக்குள் சூடு போட்டும் தொப்பியைக் கழற்றுவதில்லை. கையைத் தொட்டால் குழாய்த் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருக்கிறது.

டிசம்பர் 22, ஞாயிறு

பீன்ஸில் கொஞ்சம் வெண்ணெய் போட்டுவிட்டேன். அவ்வளவுதான்.

தட்டைத் தள்ளினான். "என்னைக் கெடுக்கணும்னே பண்றியா நீ?" என்று கத்தினான். என்னைப் பார்த்து, நோலன். பிறகு தரையில் சிந்தினதைத் துடைக்க உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை, துணியைப் பிடித்துக்கொண்டு அழுதான். எதுக்குடா அழறேன்னு கேட்டா தெரியலைங்கறான். தெரியலம்மா, எனக்கே தெரியல, அதையே திரும்பத் திரும்ப. நான் அவன் முதுகைத் தடவினேன். எலும்பு எலும்பா தட்டுப்பட்டுது. என்ன பண்றது நான்?

ஜனவரி 9, வியாழன்

சில்லி நாள். நோலன் வரிசைக்கே வரவில்லை. தூரத்து மேசையில் உட்கார்ந்து மற்றப் பையன்கள் ரோல் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொறாமை இல்லை அந்தப் பார்வையில். டிவி பார்க்கிற மாதிரி இருந்தது.

ஆர்டிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏம்மா ரெனே, உன் பிள்ளை முன்னெல்லாம் பிரின்சிபால் மாதிரி நடந்து காட்டி வரிசையையே நிறுத்துவானே. அவன் சிரிச்சு நீ கடைசியா எப்பப் பார்த்தே?"

"படிப்பு, பந்தயம், எல்லாம் சேர்ந்த களைப்பு" என்றேன்.

"நீ முந்நூறு பிள்ளைக்கு ஆக்கிப்போடறவ. களைப்பும் பசியும் உனக்கு வித்தியாசம் தெரியாதாக்கும்."

கோபம் வந்தது அவள்மேல். சொன்னது உண்மை என்பதால்தான் வந்தது.

ஜனவரி 27, திங்கள்

கர்ட்டோடு சண்டை. இருபது வருடத்தில் இப்படி ஒன்று போட்டதில்லை.

காலையில் ஒரு பெண் பன்றி தீவனத்தை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டதாம். மத்தியானத்துக்குள் கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போயாயிற்று. ராத்திரிச் சாப்பாட்டில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். எதிரில் நோலனின் நாற்காலி காலி. மேலே அறையில் போர்வைக்குள் கிடக்கிறான், பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "பன்னி ஒரு வேளை தின்னலைன்னா டாக்டரைக் கூப்பிடத் தெரியுது. உன் புள்ள மூணு மாசமா திங்கல, கர்ட்."

அவன் முகம் சிவந்தது. "அவன் மாநிலத்துக்குப் போகப் போறான், ரெனே. இன்னும் மூணு வாரம். முடிஞ்சதும் தின்னுட்டுப் போறான். இப்பக் கலைச்சா வாழ்நாள் பூரா நம்மளை மன்னிக்க மாட்டான்."

மூன்று வாரம்தானே என்று நானும் நினைத்தேன். சரி என்று சொல்லிவிட்டேன். மேலே போய் நோலனிடம் கேட்டேன், மனசுல என்னடா இருக்கு, யாராவது பொண்ணா?

"ஒண்ணுமே இல்லம்மா. அதான் விஷயம். உள்ள ஒண்ணுமே இல்ல." தலையணைக்குப் பக்கத்தில் என் தகரப் பெட்டி திறந்து கிடந்தது.

பிப்ரவரி 22, சனி

மாநிலப் போட்டியில் நோலனுக்கு ஆறாவது இடம். தலைநகர் அரங்கத்தில் மேடையில் நின்றான், பதக்கத்தோடு. கர்ட் குழந்தை மாதிரி அழுதான். ஊர் எல்லையில் தீயணைப்பு வண்டி விளக்கைச் சுழற்றிக்கொண்டு காத்திருந்தது, எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் ஊர்வலமாக வந்தது. வீட்டில் பீட்சா, ஐஸ்கிரீம், என்னவெல்லாம் உண்டோ அதெல்லாம். நோலன் நிறுத்தாமல் தின்றான். தின்றுவிட்டு வாந்தி எடுத்தான், திரும்ப வந்து உட்கார்ந்து தின்றான்.

முடிந்தது. இனி என் பையன் எனக்குத் திரும்பிவிடுவான்.

மார்ச் 2, ஞாயிறு

வரவில்லை. கன்னம் உப்பிவிட்டது, கண் அப்படியே இருக்கிறது. கண்ணாடியைத் துண்டு போட்டு மூடியிருக்கிறான்.

மார்ச் 11, செவ்வாய்

கர்ட் அவனைக் கொட்டகையில் பார்த்தான். தற்செயலாகத்தான் அந்தப் பக்கம் போனான். சரியான நேரத்தில் அங்கே இருந்தான். நோலன் உயிரோடு இருக்கிறான். இதற்குமேல் எழுத என்னால் முடியாது.

மார்ச் 20, வியாழன்

ஐயோவா சிட்டி ஆஸ்பத்திரி, மனநலப் பிரிவு. ஷூ கயிற்றைக்கூட வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

ஊரில் யாருக்காவது கால் ஒடிந்தால் வாசலில் வரிசையாகச் சாப்பாட்டுப் பாத்திரம் வந்து இறங்கும். எங்கள் வாசலில் ஒன்றும் இல்லை. ஆர்டிஸ் மட்டும் ஒரு பெரிய பாத்திரத்தில் கோழியும் நூடுல்ஸும் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் போயிருக்கிறாள்.

டாக்டர் லிண்ட் சின்னப் பெண். நோலன் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தாள்.

"வீட்ல சமையல் குறிப்பெல்லாம் தேடித் தேடிப் படிச்சானா?"

"ஆமா."

"மத்தவங்களுக்குச் சமைச்சுப் போட்டுட்டு, அவங்க சாப்பிடறதைப் பாத்துக்கிட்டு நின்னானா?"

அவனுக்குச் சமையலில் ஆசை வந்துவிட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லிப் பீற்றிக்கொண்டவள் நான்.

"பட்டினி கிடக்கிற மூளை அப்படித்தாங்க பண்ணும்" என்றாள். "குளிர், கோபம், அழுகை, எதுலயும் பிடிப்பு இல்லாம போறது, சாப்பாட்டைத் தவிர வேற நினைப்பே இல்லாம இருக்கறது. இது ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா உடம்புக்குப் போடாததை மூளைக்கு மட்டும் தனியாப் போட முடியாது. மருந்து கொடுக்கறோம், வேளாவேளைக்குச் சாப்பாடும் கொடுக்கறோம். எடை சீக்கிரம் வந்துரும். மனசு கடைசியா வரும். அவசரப்படுத்தாதீங்க."

திரும்பி வரும் வழியில் கர்ட் வண்டியை ஒரு சோளக் காட்டோரம் நிறுத்தினான். ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"பன்னின்னா மத்தியானத்துக்குள்ள கூப்பிட்டிருப்பேன்" என்றான்.

அந்த வார்த்தையை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இருந்தது. சொன்னதோடு நிற்காமல் அன்றைக்கே பிள்ளையை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்க வேண்டும் என்றும் இருந்தது. ரெண்டு பேரும் அழுதோம்.

ஏப்ரல் 5, சனி

வீட்டுக்கு வந்துவிட்டான். தூங்குகிறான், மூன்று வேளை சாப்பிடுகிறான், மாத்திரை போடுகிறான். வைத்ததைத் தின்கிறான், அவ்வளவுதான், ருசி கேட்டால் தோளைக் குலுக்குகிறான். தகரப் பெட்டியை அவனே கொண்டுவந்து சமையலறையில் வைத்துவிட்டான். அதைத் திறக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூன் 14, சனி

மளிகைக் கடையில் கோச் ஹாவர்கேம்ப். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அடுத்த சீசனுக்கு நூத்தி ஐம்பதுலயே அவனுக்கு இடம் போட்டுத் தர்றேன், இறங்கவே வேண்டாம்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அதனால்தான் எனக்கு யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. அவன் வர மாட்டான் என்று மட்டும் சொல்லிவிட்டு, ரொட்டி வாங்காமலே வந்துவிட்டேன்.

கர்ட் ஜிம் வாசலில் இருந்த தன் படத்தைக் கேட்டு வாங்கி வந்துவிட்டான். எங்கே வைத்தான் என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

நோலன் இன்று நாயிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். பிரின்சிபால் குரலில். நான் கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டேன். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான்.

நவம்பர் 8, சனி

காலையில் பட்டைப்பொடி வாசனையில் விழித்தேன். திங்கட்கிழமை சீசன் ஆரம்பம், அது எனக்கும் தெரியும், நோலனுக்கும் தெரியும். சமையலறையில் தகரப் பெட்டி திறந்திருக்கிறது, மேசை முழுக்க மாவு, அடுப்பிலிருந்து தட்டை வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறான் நோலன். கர்ட் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான். அவனும் அந்தத் தட்டையேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

முன்பு போலவே எங்களுக்கு ஆளுக்கொன்று வைத்தான். எங்களை "நல்லா இருக்கா?" என்று கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்தான், நின்றபடியே கடித்தான், மென்றான். நெற்றி சுருங்கியது.

"அம்மா, இதுல உப்பே இல்லையே."

கர்ட் என்னைப் பார்த்தான்.

"போன வருஷமும் இப்படித்தான் இருந்துச்சா?"

"ஆமாண்டா" என்றேன். "நீ சுட்டப்ப எல்லாம்."

"அப்புறம் ஏன் யாருமே எதுவும் சொல்லல?"

கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். கர்ட் ரோலைத் தட்டில் வைத்தான். "சொல்லியிருக்கணும்டா" என்றான். "நாங்க சொல்லியிருக்கணும்."

நோலன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உப்பு டப்பாவை எடுத்து, கடித்த ரோல்மேல் கொஞ்சம் தூவி, திரும்பக் கடித்தான். முகத்தைச் சுளித்தான். "இப்பவும் நல்லா இல்ல." ஆனாலும் கீழே வைக்கவில்லை. ஒவ்வொரு வாயாகத் தின்றான். நான் என் ரோலைக் கையில் பிடித்தபடி, அவன் தாடை அசைவதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அப்படி நிற்பது எனக்கே தெரியவில்லை.

"பாத்துக்கிட்டே நிக்காதம்மா" என்றான். "உக்காந்து நீயும் சாப்பிடு."

உட்கார்ந்து சாப்பிட்டேன்.