தண்ணி என்ற ஒரு சொல்

கவீனா அப்பாவுக்கு,

சிங்கப்பூரில் மழையா? இங்கே சிகாமட்டில் ஆற்றில் தண்ணீர் இன்னும் ஏறவில்லை. நலம்தான்.

போன வாரம் மருத்துவமனையில் நம் மகளைப் பேச்சுப் பயிற்சிக்காகச் சோதித்தார்கள். "அவ பேசிட்டா அரசாங்க உதவிப் பணம் கிடைக்காது, பாத்துக்க" என்று முன்பே போனில் சொன்னீர்கள். பார்த்துக்கொண்டேன். மேசையில் தண்ணீர் போத்தலைக் கண்டதும், ஆறு வயதில் அவளுக்கு வருகிற அந்த ஒரே சொல்லைச் சொல்ல வாயெடுத்தாள். 'தண்ணி' என்று வருவதற்குள் மேசைக்கடியில் அவள் தொடையைக் கிள்ளினேன். அடங்கிவிட்டாள்.

பயிற்சி கொடுக்கும் பெண் பைலை மூடினார். "ஒரு சொல்லாவது வருதான்னுதான் பாத்தேன்கா. வந்திருந்தா இப்பவே வாரா வாரம் இலவசப் பயிற்சி. இனிமே அடுத்த வருஷந்தான் லா."

நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் நீங்களே பார்ப்பீர்கள், அதனால் எழுதுகிறேன். தாகம் எடுத்தால் அவள் இப்போது அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. என் எதிரே வந்து நின்று, தன் தொடையைத் தானே கிள்ளிக்கொள்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் பேச்சைத் தட்டாத மனைவி