வாசிக்காமல் அழுத்துவதில்லை

செப்டம்பர் 29, ஞாயிறு

காருக்கு இன்று ஆயில் மாற்றப்பட்டது. மாற்றியவர் முஹன்னத், அம்மான் நகரின் பயாதிர் பகுதியில் வொர்க்‌ஷாப் வைத்திருப்பவர், லுப்னாவின் அண்ணன். இந்த வெள்ளி விட்டு அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஜாஹாவாகத் திரண்டு அவர்கள் வீட்டுக்கு லுப்னாவை எனக்குப் பெண் கேட்கப் போகிறார்கள். அங்கே நல்ல பதில் கிடைக்குமாயின், அவர் என் மைத்துனராவார். கிடைக்கும் வரை, அவர் என் காருக்கு ஆயில் மாற்றியவர் மட்டுமே. இந்த வேறுபாட்டை நான் மறக்கலாகாது.

பணம் வாங்க மறுத்துவிட்டார். "நம்ம வீட்டு ஆளுகிட்ட காசு வாங்குவாங்களா உஸ்தாத்?" என்றார். வழக்கறிஞனை இங்கே எல்லோரும் உஸ்தாத் என்றுதான் அழைப்பார்கள்; இருந்தும் நெகிழ்ந்தேன்.

பிறகு வண்டியைக் கிளப்பினேன். சென்ற வாரம் முதல் திரையில் எரிந்துகொண்டிருந்த மஞ்சள் ஸ்பேனர் சின்னம் அப்படியே எரிந்தது. அதன் கீழே கொரிய மொழியில் இரண்டு வரிகள். கொரியாவில் யாரோ ஓட்டிய வண்டி, ஸர்க்கா சுங்கத் தடையற்ற வணிக வலயம் வழியே என்னிடம் வந்தது. இரண்டு ஆண்டுகளாக அது எனக்குப் புரியாத மொழியில் பேசுகிறது. நானும் குறுக்கிடாமல் ஓட்டுகிறேன். ஆனால் இம்முறை அது பதில் எதிர்பார்க்கிறது.

முஹன்னத் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "ஓகே பட்டன அமுக்குங்க, போயிடும்."

"எதற்கு ஓகே?"

"எதுக்குன்னா? ஆயில் மாத்தியாச்சுன்னு."

"அவ்வாறுதான் எழுதியிருக்கிறதா?"

"எனக்கென்ன கொரியா பாஷையா தெரியும்? மத்தவங்க எல்லாம் அது மேல டேப் ஒட்டிட்டுப் போயிடுவாங்க உஸ்தாத்."

சொல்லிக்கொண்டே கையை உள்ளே விட்டு ஒரு தட்டு தட்டினார். ஸ்பேனர் மறைந்தது. என் வண்டியின் சார்பில் அவர் எதற்குச் சம்மதித்தார் என்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

செப்டம்பர் 30, திங்கள்

காலையில் ஸ்பேனர் மீண்டும் வந்துவிட்டது. உரிமையாளர் அல்லாதவர் தந்த சம்மதத்தை வண்டி ஏற்கவில்லை என்றே கொள்கிறேன். இதில் வண்டியின் நிலைப்பாடு சரியானது.

அம்மாவைப் பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். வண்டி கிளம்பும்போது திரையிலிருந்து பேசும் கொரியப் பெண் குரலுக்கு அம்மா எப்போதும் "உனக்கும் சமாதானம் உண்டாகட்டும் மகளே" என்று பதில் சொல்வார். இன்று பதில் சொல்லவில்லை.

"என்னமோ கோவமா இருக்கா" என்றார். "எப்பவும் ரெண்டு வார்த்தை மரியாதையா பேசுவா. இன்னிக்கு ஏழெட்டு வார்த்தை. நீ அவள என்ன பண்ணின?"

"ஆயில் மாற்றினேன் அம்மா."

"மாத்தினேன்னு அவகிட்ட சொன்னியா?"

இப்பிரச்சினையின் சாரத்தை இதைவிடச் சுருக்கமாக எந்த நீதிபதியும் கூறியதில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

நீதிமன்ற வளாகத்தில் சக வழக்கறிஞர் தாமிர் தன் செல்பேசியால் திரையைப் படம் எடுத்து மொழிபெயர்த்துக் காட்டினார். செல்பேசி தந்த வாசகம்: "உங்கள் நேரம் வந்துவிட்டது. சம்மதமா?"

தாமிர் காரின் பானட்டில் சாய்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கைபேசியில் "ஏற்கிறேன்" என்று ஒரே ஒரு முறை தொட்டு மூன்று குளிர்சாதனப் பெட்டிகளுக்குச் சொந்தக்காரரான ஒரு கட்சிக்காரரின் வழக்கு என் மேசையில் இருக்கிறது. அவர் வீட்டில் இருப்பதோ ஒரே அறை. வாசிக்காத எதற்கும் நான் சம்மதிப்பதில்லை. அது என் நேரம் வந்துவிட்டது என்று சொல்லும்போது, நிச்சயமாக இல்லை.

அக்டோபர் 2, புதன்

அழுத்தவில்லை.

அக்டோபர் 3, வியாழன்

ஐயோ.

நிதானமாக எழுதுகிறேன். இரவெல்லாம் யோசித்ததில் ஒரு நேர்த்தியான வழி தோன்றிற்று. அந்த வாசகம் எதுவாக இருப்பினும், ஆயில் மாற்றப்பட்டது என்பதற்கு எழுத்து மூலமான சான்று ஒன்று என் கையில் இருந்தால், பின்னாளில் எவரும் எதையும் கேட்க முடியாது. ஆகவே ஒரு பக்கத்தில் எளிய ஒப்புகைக் கடிதம் தயாரித்து, நீதிமன்றம் முடிந்ததும் பயாதிருக்குச் சென்றேன். "கீழே கையொப்பமிடும் நான், சுயநினைவுடனும் எவருடைய வற்புறுத்தலுமின்றியும், மேற்கண்ட வாகனத்தின் ஆயிலை மாற்றினேன்" — இவ்வளவுதான். இது அனைத்து ஆவணங்களிலும் இடம்பெறும் வாசகம்!

முஹன்னத் அதை இரண்டு முறை படித்தார். கையைத் துணியில் துடைத்தார். பக்கத்துக் கடை டயர்காரரைக் கூப்பிட்டு அவரிடம் கொடுத்தார். டயர்காரர் உரக்கப் படித்தார். தெருவே கேட்டது.

"சுயநினைவோட!" என்றார் முஹன்னத். "இன்னும் மாப்பிள்ளையே ஆகல, அதுக்குள்ள என்கிட்ட கையெழுத்து கேக்குறாரு! நாளைக்கு எங்க வீட்ல சாப்பிட உக்காந்தா, சோத்துக்கு ரசீது கேப்பீங்களா?"

இது நம்பிக்கையின்மை அல்ல, வெறும் வழக்கமான நடைமுறை என்று விளக்கினேன். விளக்க விளக்கக் கூட்டம் கூடியது. நான் ஏன் வாயைத் திறக்கிறேன்? யார் என்னைப் பேசச் சொன்னது?

அக்டோபர் 4, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து பெரியப்பா அபூ நுஅய்மான் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். ஜாஹாவின் தலைவர் அவர்; அடுத்த வெள்ளி எங்கள் குடும்பத்தின் சார்பில் பெண் கேட்டுப் பேசப் போகிறவர் அவரே. செருப்பைக் கழற்றுமுன் ஆரம்பித்தார்.

"பொண்ணோட அப்பா எனக்கு போன் பண்ணினாரு. 'வாங்க, வரவேணாம்னு சொல்லல. ஆனா காபி குடிக்கச் சொல்லி சம்மதம் தருவேன்னு நான் உறுதி சொல்ல முடியாது'ங்கிறாரு. புரியுதாடா? நாப்பது ஆம்பளைங்க கோட்டு மாட்டிக்கிட்டு போயி, கப்ப கையில கூட எடுக்காம திரும்பி வரணுமா? ஒரு பட்டனுக்காக?"

"பட்டனுக்காக அல்ல பெரியப்பா, அதன் மேலுள்ள வாசகத்துக்காக—"

"ஐஹம், உனக்கு முப்பத்தொம்பது வயசு."

செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போனார்.

அக்டோபர் 5, சனி

லுப்னா அழைத்தார். நில அளவைத் துறையில் பணிபுரிபவர். இரு தரப்பும் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடத்தில் கோடு போட்டுப் பழகியவர். குரலை உயர்த்துவதே இல்லை.

"அண்ணன்கிட்ட மன்னிப்பு கேளுங்க. அந்தப் பட்டன அமுக்குங்க. ரெண்டுல எது கஷ்டம்?"

"இரண்டாவது" என்றேன். உண்மையைச் சொல்வதே எப்போதும் பாதுகாப்பானது என்று நம்பி வந்திருக்கிறேன்.

லுப்னா கேட்டார்: "ரெண்டு வருஷமா என்னையும் இப்படித்தான் வாசிச்சுக்கிட்டே இருந்தீங்களா? இன்னும் எத்தன பக்கம் பாக்கி?"

வைத்துவிட்டார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? பல பதில்கள் தோன்றுகின்றன. அனைத்தும் மாலை ஆறு மணிக்குப் பிறகு தோன்றின. ஒன்று கூட அவரிடம் போய்ச் சேரவில்லை. அவர் போய்விட்டால்? ஒரு மஞ்சள் விளக்குக்காக ஒரு நல்ல பெண்ணை இழந்த மடையன் என்று அம்மான் முழுக்கச் சொல்வார்கள். சரியாகத்தான் சொல்வார்கள்.

அக்டோபர் 7, திங்கள்

(அ) மன்னிப்பு: ஒரு தட்டு கனாஃபா இனிப்புடன் பயாதிர் சென்றேன். முஹன்னத் கனாஃபாவை ஏற்றுக்கொண்டார். மன்னிப்பைப் பரிசீலிப்பதாகச் சொன்னார். டயர்காரர் என்னைக் கண்டதும் "சுயநினைவோட வந்திருக்கீங்களா உஸ்தாத்?" என்று கேட்டார். பொறுத்துக்கொண்டேன்.

(ஆ) வாசகம்: நீதிமன்ற அங்கீகாரம் பெற்ற கொரிய மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அப்தலியில் இருக்கிறார். பெயர் ஹனாதி அம்மையார். நான் நீட்டிய படத்தை மூக்குக்கண்ணாடிக்கு மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"விவாகரத்து மொழிபெயர்த்திருக்கேன். உயில் மொழிபெயர்த்திருக்கேன். விளக்கு இதுதான் முதல் தடவை. நான் வாயால சொல்லிடட்டுமா? ரெண்டே வரிதான்."

"எழுத்தில் வேண்டும். முத்திரையுடன்."

"எத்தன பிரதி?"

"மூன்று."

பெருமூச்சு விட்டார். ஆனால் மூன்று என்று குறித்துக்கொண்டார். நல்ல பெண்மணி.

அக்டோபர் 10, வியாழன்

மொழிபெயர்ப்பு வந்துவிட்டது. நான்கு முறை படித்தேன்.

இப்போதே கீழே போய் அழுத்தலாம். ஆனால் வேலையைச் செய்தவர் முஹன்னத். அவர் முன்னிலையில் செய்வதே முறை. நாளை அவர் வீட்டு வாசலிலேயே செய்வேன் — நாளை என்று ஒன்று நல்லபடியாக இருந்தால். மூன்று பிரதிகளையும் கோட்டின் உள்பையில் வைத்தேன்.

அக்டோபர் 12, சனி

நேற்று நடந்ததை வரிசை மாறாமல் எழுத முயல்கிறேன்.

மாலை அஸர் தொழுகைக்குப் பின் புறப்பட்டோம். முன்னால் என் வண்டி, என் பக்கத்தில் பெரியப்பா, பின்னால் ஹாரன் அடித்தபடி பன்னிரண்டு வண்டிகள். ஸ்பேனர் எரிந்தது. கொரியப் பெண் பேசினாள். பெரியப்பா தம் கைக்குட்டையை எடுத்துத் திரை மேல் போட்டார்.

மர்ஜ் அல்-ஹமாமில் லுப்னா வீட்டு வரவேற்பறை நிரம்பி வழிந்தது. பெண்கள் மாடியில். வாசலிலேயே விளக்கைப் பற்றிச் சொல்லலாம் என்று முஹன்னத்தைத் தேடினேன். அவர் எனக்கு முதுகைக் காட்டி நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். பெரியப்பாவுக்குக் காபி கொடுத்தார்கள். அவர் குடிக்கவில்லை, வழக்கப்படி கோப்பையை முன்னால் வைத்துவிட்டு எழுந்து நின்று அழகாகப் பேசினார். என்னைப் பற்றிச் சொன்னவற்றுள் பாதிக்கு ஆதாரம் கிடையாது. முடித்துவிட்டு உட்கார்ந்தார். நாற்பது பேரும் லுப்னாவின் அப்பா அபூ முஹன்னத்தின் வாயைப் பார்த்தார்கள். "காபி குடிங்க" என்று அவர் சொன்னால் பெண் தந்தாயிற்று. அவ்வளவுதான்.

அவர் தொண்டையைச் செருமினார்.

"உங்களுக்கான பதில் என் நாக்கு நுனில இருக்கு. ஆனா ஊரே சிரிக்குது. என் மகன் மாத்தின ஆயிலுக்கு இன்னும் விளக்கு எரியுது. அது எரியுற வண்டில என் பொண்ண ஏத்தி அனுப்ப மாட்டேன். மொதல்ல அத அணைங்க, அப்புறம் காபி."

நாற்பது கோட்டுகளும் ஒன்றாக எழுந்து கீழே இறங்கின.

அடுத்த கால் மணி நேரத்தை என்னால் முறையாக விவரிக்க இயலாது. ஓய்வு பெற்ற கர்னல் ஒருவர் தட்டினார், விளக்கு மறைந்தது, எல்லோரும் கைதட்டினார்கள், எஞ்சினை அணைத்து மீண்டும் கிளப்பியதும் திரும்பி வந்தது. கர்னல் அதை அதிகார தோரணையில் முறைத்தார். அம்மாவின் பல் மருத்துவர் தட்டினார். என் சித்தப்பா இரண்டு விரலால் தட்டினார். பின்பக்க வைப்பர் ஓடியது. ஒருவர் பேட்டரியைக் கழற்றலாம் என்றார். ஒருவர் விளக்கையே கழற்றலாம் என்றார். டயர்காரர் — அவரும் ஜாஹாவுக்கு வந்திருந்தார்! — பையிலிருந்து டேப்பை எடுத்தார். முஹன்னத் கை கட்டி ஒதுங்கி நின்றார். அவர் காது சிவந்திருந்தது. அப்போதுதான் உறைத்தது: இந்த விளக்கால் மானம் போனது எனக்கல்ல, அவருக்கு.

"எனக்கு ஒரு நிமிடம் பேச அனுமதி வேண்டும்" என்றேன்.

"ஆரம்பிச்சுட்டான்" என்றார் பெரியப்பா.

கோட்டுப் பையிலிருந்து எடுத்து, முத்திரையை எல்லோருக்கும் காட்டி, வாசித்தேன்:

"'ஆயில் மாற்ற வேண்டிய தருணம் வந்துவிட்டது. மாற்றிய பின், இந்த அறிவிப்பை நீக்க, ஓகே பொத்தானை விடாமல் அழுத்திப் பிடிக்கவும்.'"

முஹன்னத் மெல்ல நிமிர்ந்தார்.

"விடாமலா?"

"விடாமல்."

"அப்ப ஆயில்ல ஒண்ணும் குறையில்ல?"

"ஒரு குறையும் இல்லை. ஆயில் சிறப்பாக மாற்றப்பட்டிருக்கிறது. இதை அனைவர் முன்னிலையிலும் கூறுகிறேன், கையொப்பம் தேவையில்லை."

"எவ்ளோ நேரம் பிடிக்கணும்?" என்றார் கர்னல்.

"அது குறிப்பிடப்படவில்லை."

குறிப்பிடப்படவில்லை! எத்தகைய ஒப்பந்தம் இது? முடிவுத் தேதி இல்லை, வரம்பு இல்லை. விரலை வைத்தேன். அண்ணாந்து பார்த்தேன்; மாடி ஜன்னலில் லுப்னா நின்றிருந்தார், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு. அழுத்தினேன். விடவில்லை. பெரியப்பா வாய்க்குள் ஏதோ ஓதத் தொடங்கினார். ஸ்பேனர் ஒரு முறை சிமிட்டி அணைந்தது. எஞ்சினை நிறுத்திக் கிளப்பினேன். விளக்கு வரவில்லை. கொரியப் பெண் தன் பழைய இரண்டு வார்த்தைகளை மட்டும் சொன்னாள்.

"சமாதானமாயிட்டா!" என்று மாடியிலிருந்து கத்திவிட்டு அம்மா குலவையிட்டார். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"காபி குடிங்க" என்றார் அபூ முஹன்னத், தெருவில் நின்றபடியே.

"ஆறிப்போயிருக்குமே" என்றார் பெரியப்பா.

முஹன்னத் என்னைக் கட்டிக்கொண்டார். "அந்தக் கடுதாசிய கொண்டாங்க உஸ்தாத், கையெழுத்து போட்டுத் தரேன்." கிழித்துவிட்டேன் என்று சொன்னேன். அது உண்மையல்ல, மற்றப் பையில் இருந்தது. வீடு திரும்பியதும் கிழித்துவிட்டேன். ஆகவே இப்போது உண்மை. மொழிபெயர்ப்பில் ஒரு பிரதியை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்று எதற்கு என்று கேட்பவர்கள் கவனிக்கவும்.

நவம்பர் 15, வெள்ளி

திருமண ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டேன். வாசித்த பின்.

ஜூலை 12, சனி

பயாதிரில் ஆயில் மாற்றினோம். கடைச் சுவரில் ஹனாதி அம்மையாரின் மொழிபெயர்ப்பு சட்டம் போட்டு மாட்டப்பட்டிருக்கிறது. முத்திரை மீது மட்டும் ஆயில் கறை. லுப்னா ஓட்டுநர் இருக்கையில், அம்மா பின்னால், நான் பக்கத்தில். ஸ்பேனர் எரிந்தது. லுப்னா பொத்தான் மேல் விரலை வைத்தார், அழுத்தவில்லை. குளிர்காலம் முழுதும் இருவரும் கொரியத் தொடர் பார்த்ததில் எழுத்துகளை ஓரளவு கூட்டிப் படிக்கப் பழகியிருக்கிறேன். முதல் வரியைத் தொடங்கினேன். வெயில் கொளுத்தியது.

முஹன்னத் ஜன்னலில் தலையை நீட்டினார். "அமுக்கித் தொல லுப்னா! வெளிய நாலு வண்டி நிக்குது!"

"இருண்ணா" என்றார் லுப்னா, விரலை எடுக்காமல். "ரெண்டாவது வரிக்கு வந்துட்டாரு."