காட்டேரி கதவைத் தட்டும் பாகம்

மார்ச் 3, திங்கள்

கோட்டையின் வடக்குச் சுவரை ஒருவழியாக வரைந்து முடித்தேன். காலையிலிருந்து கருப்பு, கருப்பு, கருப்பு. கை, மூக்கு நுனி, தேநீர்க் கோப்பை எல்லாம் மை. ஏழாவது பாகம், இதுதான் கடைசி. குடித்த இரத்தத்துக்கெல்லாம் பரிகாரம் தேடி முந்நூறு வருடம் அலைந்த என் காட்டேரிப் பிரபுவின் கதை இதோடு முடிகிறது. விடியல் வெளிச்சத்தில் அவன் சாம்பலாகிவிட வேண்டும் என்கிறார் பதிப்பாசிரியர். அப்போதுதான் படிக்கிறவர்கள் அழுவார்களாம்.

தம்பி எட்டிப் பார்த்தான். பல் டாக்டர் கூடப் பிறந்தால் இதுதான் தொல்லை. பக்கத்தைப் பார்த்ததுமே முகம் சுளித்தான். "அக்கா, கோரைப்பல் இந்த நீளம் இருந்தா தினம் கீழுதடு கிழியும். உன் ஆளு மன்னிப்பு கேக்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட வரணும்."

அம்மா போனில், மாங்கா எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று விசாரித்தாள். மங்கா, ஜப்பான் பாணிப் படக்கதை என்று ஏழு வருடமாகச் சொல்லிக் கொடுக்கிறேன். அவளுக்கு அது மாங்காதான்.

மார்ச் 5, புதன்

கோரைப்பல்லில் இரண்டு மில்லிமீட்டர் குறைத்துவிட்டேன். தம்பியிடம் சொல்லப் போவதில்லை.

மார்ச் 8, சனி

வாசகர் கடிதம் ஒன்று. இரத்த வங்கியில் வேலை பார்க்கும் நர்ஸ். காட்டேரிக் கதை படிக்க இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பாளா! மதிய இடைவேளையில் இரத்தப் பைகளுக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து படிக்கிறாளாம். பாராட்டு ஒரு பக்கம். கடைசியில் ஒரு கேள்வி, அதை அப்படியே எழுதிவைக்கிறேன்:

"ஆறு பாகமா மழையில நிக்கறான், கோபுரத்துல ஏறி வானத்துகிட்ட மன்னிப்பு கேக்கறான். கடிச்சவங்க வீட்டுக் கதவை ஒரு தடவையாவது தட்டினானா?"

முதலில் சிரித்தேன். அப்புறம் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஒரு கோடு கூட வரவில்லை.

எழுதித் தொலைத்துவிடுகிறேன். முதல் பாகத்தில் கதையும் பென்சில் படமும் என்னுடையவை. மை வேலை முழுக்க என் தோழி மசியுடையது. மசி என்றாலும் மைதான்; அவளுக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வந்தவள். அந்தக் கோட்டையின் இருட்டைப் பார்த்துத்தான் பதிப்பகமே எங்களைக் கூப்பிட்டது. அட்டையில் ரெண்டு பெயர் போட்டால் நெருக்கமாக இருக்குமே, என்ன செய்யலாம் என்று பதிப்பாசிரியர் கேட்டார். அவர் கேள்விதான் கேட்டார். ஒன்றே போதும் என்றது நான். மசியிடம் போய், அவங்களே முடிவு பண்ணிட்டாங்க என்று கை விரித்தேன்.

அவள் சண்டைகூடப் போடவில்லை. தூரிகைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஏன் அப்படிச் சொன்னேன்? யாரும் கழுத்தைப் பிடித்தார்களா? இல்லையே. ஆசை. அவ்வளவுதான். இதுக்கு மேல ஒரு மண்ணும் இல்ல.

மார்ச் 14, வெள்ளி

பதிப்பாசிரியர் சாம்பல் பக்கங்களைக் கேட்டார். முடிவை மாற்றப்போகிறேன், இரண்டு வாரம் வேண்டும் என்றேன்.

மார்ச் 17, திங்கள்

போனேன்!

மசி இப்போது நாடக மேடைகளுக்குத் திரை வரைகிறாள். பழைய கிடங்கு ஒன்று. தரை முழுக்கத் துணி விரித்து, நீளக் கம்பு நுனியில் தூரிகையைக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு அதன் மேல் நடந்தபடி வரைகிறாள். அழைக்காத வீட்டில் காட்டேரி நுழைய முடியாது என்று ஆறு பாகமாக வரைகிறவள் நான். வாசலில் நின்றபோதுதான் அந்தக் கஷ்டம் தெரிந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். "பெயிண்ட் காயல. செருப்பைக் கழட்டிட்டு ஓரமா வா."

ஓரமாகப் போனேன். ஒத்திகை பார்த்துப் போன வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. "அவங்க முடிவு பண்ணலடி. என்னைக் கேட்டாங்க. நான்தான் ஒண்ணு போதும்னேன். உன்கிட்ட பொய் சொன்னேன்."

கம்பு நின்றது.

"ஏழு வருஷமா அந்த எடிட்டர் மனுஷனைத் திட்டிட்டிருக்கேன்" என்றாள். "போன வருஷம் பஸ்ல பக்கத்து சீட் காலியா இருந்தும் பையை வெச்சு மறைச்சேன். பாவம், நின்னுட்டே வந்தாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் சிரிப்பில் உதடு துடித்தது, ஆனால் அடக்கிக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் சண்டை வரும், கிளம்பு என்றாள். கிளம்பிவிட்டேன். மன்னிப்பு கிடைக்கவில்லை. வழியில் இரண்டு பன் தின்றேன்.

மார்ச் 18, செவ்வாய்

போன் வரவில்லை. ஏன் வரணும்?

மார்ச் 22, சனி

முடிவு வந்துவிட்டது. பிரபு பட்டியல் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகிறான். முதல் வீட்டில் கதவு மூஞ்சியிலேயே அறைகிறது. இரண்டாவதில் வாளித் தண்ணீர். மூன்றாவது, அவன் கொன்ற, தெருவிளக்கு ஏற்றும் கிழவனின் பேத்தி வீடு. அவள் சொல்வது: "மன்னிக்கறதா வேண்டாமான்னு அப்புறம் பாப்போம். தெரு இருட்டா கிடக்கு. ஏணியைப் பிடி." பிடிக்கிறான். அவ்வளவுதான் கதை.

பதிப்பாசிரியர் படித்துவிட்டு, வாளித் தண்ணீரில் சிரித்தேன், ஏணியில் கண் கலங்கியது என்று ஒத்துக்கொண்டார். அதே சூட்டில் இன்னொன்றும் சொன்னேன்: முதல் பாகத்தின் மறுபதிப்பில் மசியின் பெயர் அட்டையில் வர வேண்டும்; நடந்ததை முன்னுரையில் நானே எழுதுவேன். மானம் போகும்மா என்றார். போகட்டும் சார் என்றேன். பஸ் கதையைச் சொல்லவில்லை.

மார்ச் 27, வியாழன்

மசி கூப்பிட்டாள். வணக்கம்கூட இல்லை.

"ரெண்டாம் பாகத்துலேர்ந்து ஆறு வரைக்கும் வாங்கிப் பாத்தேன். என்னடி சுவர் அது, அடுப்புக்கரி கொட்டின மாதிரி? மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத. பாக்க சகிக்கல, அதான் மை போட வரேன்."

அடுப்புக்கரியாம்! வீடு முழுக்கக் கூட்டிப் பெருக்கினேன்.

ஏப்ரல் 12, சனி

மூன்றாவது வாரமாக வருகிறாள். இன்று நான் தேநீர் போடப் போன இடைவெளியில், பேத்தியின் முகம் இருந்த கட்டத்தை என்னைக் கேட்காமலே கருப்படித்துவிட்டாள். கண் இரண்டும் மட்டும் மிச்சம். அரை மணி நேரம் கத்தினோம். தம்பி நடுவில் வந்து, கண் டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டு இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டான். அவள் செய்ததுதான் சரி என்பது அவள் படி இறங்கிப் போன பிறகு தெரிந்தது.

மேஜையைத் துடைக்கப் போனேன். அவளுடைய தூரிகைகள் நான்கும் கழுவி, நுனி கூட்டி, என்னுடையவற்றோடு சேர்ந்து ஒரே குவளையில் நிற்கின்றன. எதையும் மறந்து வைத்துவிட்டுப் போகிற ஆள் இல்லை அவள்.