அம்மாவோடு பார்க்க ஒரு காதல் படம்

அத்தா,

மதுரையில் நாளைக் காலை எனக்கு நேர்முகத் தேர்வு. இரவு பெரியம்மா வீட்டில் தங்கிக்கொள்வேன். மீன் குழம்பு வைத்திருக்கிறேன், சூடு செய்தால் போதும்.

டிவி மேல் ஒரு படம் இருக்கிறது, இரண்டு சிடி. காதல் கதைதான், ஆனால் வயிறு வலிக்கச் சிரிக்கலாம். அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பாருங்கள்.

போன ஞாயிறு படம் முடிகையில் அம்மா கண்கலங்கினார்கள். "நம்ம நிக்காவுக்கே அழாதவ, படத்துல எவளுக்கோ கல்யாணம்னா அழுறா பாரு" என்று மாமா முன்னால் சொன்னீர்கள். "நீங்க போயி அச்சாபீஸ்ல காலண்டர் லோடு ஏத்துற வேலையப் பாருங்க" என்று எழுந்துபோனவர்கள் ஐந்து நாளாக உங்களிடம் பேசவில்லை. உங்களைச் சாப்பிடக் கூப்பிடுவதும் என் வழியாகத்தான். இன்றைக்கு நான் இல்லை.

நாற்காலி வேண்டாம், பாயில் அம்மா பக்கத்தில் உட்காருங்கள். சிரிப்புக்கு விளக்கம் சொல்லாதீர்கள்.

ஹாதியா

இரண்டாவது சிடி நின்றால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கெட்டுவிடும்.

எட்டரைக்குப் போன் செய்வேன். படம் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டு பேரும் எழுந்திருக்க வேண்டாம். மணி அடித்து ஓயட்டும், நான் நிம்மதியாகத் தூங்குவேன்.