நிறுத்தாமல் போட்ட தளம்

என் கன்னியம்மாவுக்கு,

நீ போன பிறகு உனக்கு எழுதும் முதல் காகிதம் இது. இருந்தபோது மட்டும் என்ன எழுதிக் கிழித்தேன்? ஒரே சந்தில் பிறந்து, அதே சந்தில் குடித்தனம் நடத்தியவர்களுக்குக் காகிதம் எதற்கு? உனக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்கு மறந்துபோகவில்லை. யாராவது படித்துச் சொல்லட்டும். கூட நின்று நாலு பேர் கேட்டாலும் கேட்கட்டும், ஒளித்து வைக்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

ராயப்பேட்டை வீடு நீ விட்டபடியே இருக்கிறது. உன் சும்மாட்டுத் துணி ஆணியில் தொங்குகிறது. சோறு நானே வடிக்கிறேன். ஒருத்தனுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று இன்னும் கை பழகவில்லை. மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் அதையே குடித்துவிட்டு வேலைக்குப் போகிறேன். சில நாள் சாயங்காலம் வந்தால் மறுநாள் காலைவரை வாயைத் திறக்கவே வேலை இருப்பதில்லை. நான் வளவளவென்று பேசுகிறேன் என்று திட்டுவாயே, இப்போது வந்து பார்.

சரி, சேதிக்கு வருகிறேன். மயிலாப்பூர் வக்கீல் வீட்டை நீ எப்படி மறப்பாய்? கட்டையும் செங்கல்லும் சுண்ணாம்புமாகப் போட்ட பழைய மச்சு வீடு. அதன் பின்புறம் புதிதாக ஓர் அறை எடுத்து, கம்பி கட்டி, காங்கிரீட் தளம் போட்டோம். நான் மேஸ்திரியாக நின்று போட்ட முதல் காங்கிரீட் அது. நீ தலையில் காங்கிரீட் சட்டி தூக்கிய கடைசி வேலையும் அதுதான். அந்தத் தளம் ஒழுகுகிறது.

போன ஐப்பசி மழையிலேயே ஒழுக ஆரம்பித்துவிட்டது. மேலே சிமெண்டு பூசிவிட்டு வந்தேன். இந்த ஆவணியில் மறுபடியும் ஒழுகியது. வக்கீல் ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால் அறையின் நடு மச்சில் கூடை அகலத்துக்கு ஈரம் பூத்திருக்கிறது. கூட ஒரு ஓவர்சியர் நின்றுகொண்டிருந்தார். அண்ணாந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், “பாதியில வேலைய நிறுத்தியிருக்கான் சார். மறுநாள் வந்து மிச்சத்தைப் போட்டிருக்கான். அந்த மூட்டுலதான் இறங்குது” என்றார்.

காங்கிரீட் போட ஆரம்பித்தால் முடிக்கும்வரை கை நிற்கக் கூடாது என்பது உனக்கே தெரியும். நின்றால் முன்னே போட்டது இறுகிவிடும், பின்னே போடுவது அதோடு சேராது. அங்கே ஒரு மூட்டு விழும்.

“நெஜத்தைச் சொல்லு. நடுவுல நிறுத்தினயோ இல்லையோ?” என்று வக்கீல் கேட்டார்.

“இல்லீங்க சாமி.”

“பொய் சொல்லாதே. ஐப்பசிக்குள்ள இதை இடிச்சுட்டு, பழையபடி கட்டையும் செங்கல்லுமாப் போட்டுடப் போறேன்.”

நான் நிறுத்தவில்லை என்பது உன்னைவிட யாருக்குத் தெரியும்? மேஸ்திரி என்ற பேர் கெட்டால் மறுபடி கொத்தனாராகக் கரணை பிடித்துக் கூலிக்குப் போவேன், அதில் ஒன்றும் குறைந்துவிட மாட்டேன். ஆனால் அந்தத் தளம் உன் தலை வழியாக ஏறியது. அதை இடித்து வண்டியில் அள்ளிப் போவதை நான் நின்று பார்க்க வேண்டுமா? பத்து நாள் கொடுங்கள் என்று கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன். போனால் போகிறதென்று கொடுத்தார்.

ஒழுக்கைத் தேட இரண்டு பேர் வேண்டும். எத்தனை வீட்டில் நாம் தேடியிருக்கிறோம்! நான் மேலே குடத்தோடு சாண் சாணாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போவேன். நீ கீழே மூங்கில் கழியோடு அண்ணாந்து உட்கார்ந்திருப்பாய். ஒரு தட்டு தட்டினால் காய்ந்திருக்கிறது, விடாமல் தட்டினால் சொட்டுகிறது. இந்த முறை கூலிக்கு ஓர் ஆளைக் கீழே உட்கார வைத்திருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. வீம்பு என்று நீ சொல்வாய், வீம்புதான்.

முதலில் தளத்தின் நடுவில் மண்ணால் வரப்புக் கட்டித் தண்ணீர் தேக்கினேன். இரண்டு நாள் முழங்கால் தேய ஏறி இறங்கிப் பார்த்ததுதான் மிச்சம், புதிதாக ஒரு சொட்டு இறங்கவில்லை. அப்படியானால் நடுவில் பழுதில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், புதுத் தளம் பழைய மச்சைத் தொடும் ஓரத்தில் ஊற்றினேன். அங்கேயும் ஒன்றும் காணோம். இன்னொரு தடவை அறைக்குள் போய் அண்ணாந்து பார்த்தபடி நின்றேன்.

அப்போதுதான் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. வக்கீலின் தமக்கை. புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். அந்தப் புது அறையே அவருக்காக எடுத்ததுதான்.

“மத்தியானம் ஊத்தி என்ன பிரயோஜனம்? கார்த்தாலதான் சொட்டறது. வெயில் ஏறித்துன்னா நின்னுடறது. நாளைக்குக் கார்த்தால வா. நீ மேலயே இரு, கீழ ஆத்துக்குள்ள நான் பாத்துக்கறேன்.”

மறுநாள் விடிந்ததும் போய், நம் தட்டுக் கணக்கை அவரிடம் சொல்லிவிட்டு மேலே ஏறினேன். ஓரத்தில் முதல் குடத்தைச் சாய்த்தேன். கீழேயிருந்து ‘டொக்’ என்று ஒரு தட்டு வந்தது. ஒட்டடைக் கம்பால் தட்டியிருக்கிறார். குடம் கை நழுவி உருண்டுவிட்டது. நீதான் என்று நினைத்துவிட்டேன், கன்னியம்மா. ஒரு நொடிதான். அந்த ஒரு நொடிக்காக இன்னும் நூறு குடம்கூடச் சுமப்பேன்.

நான்காவது குடத்துக்கு விடாமல் தட்டினார். பழைய மச்சும் புதுத் தளமும் சேரும் ஓரத்தில் மயிரிழைக் கீறல். வெயிலில் இரண்டும் உப்பி நெருங்கிக்கொள்கின்றன, குளிர்ந்தால் விலகிக்கொள்கின்றன. அந்தச் சந்தில் இறங்கிய தண்ணீர்தான் அடிப்பூச்சுக்குள் ஓடி, நடு அறையில் சொட்டியிருக்கிறது. நான் சிமெண்டைப் பூசிப் பூசி மெழுகியது வீண். அந்த ஓரம் அசையும் ஓரம், அதில் சிமெண்டு எப்படி நிற்கும்?

வக்கீலைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அப்போதும் நம்பவில்லை. “அப்போ நடுவுல நீ நிறுத்தவேயில்லைங்கறே?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தமக்கை சொன்னார்: “இவன் நிறுத்தலைடா. நான் ஜன்னல்லேந்து பாத்துண்டே இருந்தேன். இவன் ஆம்படையா சட்டியை எறக்கி வெச்சுட்டு வேப்பமரத்தடியில சுருண்டு படுத்துண்டுட்டா. ஜுரம், ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடறது. அப்பக்கூட இவன் நிறுத்தலை.”

“பேஷ்!” என்றார் வக்கீல். “வேலைன்னா இப்படின்னா இருக்கணும்!”

தமக்கை என் பக்கம் திரும்பினார். “அப்புறம் அவளுக்குத் தேவலையாயிடுத்தா?”

“மூணாம் நாளே போய்ட்டாங்கம்மா” என்றேன். அவர் ஒட்டடைக் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கு நீ சொன்னது ஒரு வார்த்தை விடாமல் என் காதில் இருக்கிறது. “இன்னாய்யா என்னையே பாத்துக்கினு கீறே? பாதியில நின்னா தளம் கெட்டுப்பூடும். நீ போடு. நான் சித்த நேரம் குந்திக்கினு வரேன்.” அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொழுது சாய்ந்து, கடைசிச் சட்டியைக் கொட்டிய பிறகுதான் உன்னை ஜட்கா வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ‘கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாமே’ என்று டாக்டர் கேட்டார். நீ நிஜமாகவே நிறுத்தாதே என்றுதான் சொன்னாயா? இல்லை, நான் நிறுத்துகிறேனா என்று பார்த்தாயா?

ஓரத்தை வெட்டித் திறந்து, காய வைத்து, நார்க்கயிற்றைச் சுடுதாரில் தோய்த்துத் திணித்தேன். அதன்மேல் தாரை ஊற்றி, ஈயத் தகட்டை ஒரு பக்கம் மட்டும் ஆணியடித்து மூடினேன். இனி இரண்டும் இஷ்டம்போல அசையலாம். போன வாரம் நல்ல மழை. ஒரு சொட்டு இறங்கவில்லை. வக்கீல் இப்போது வருகிறவர்களையெல்லாம் கூட்டிப்போய்த் தளத்தைக் காட்டுகிறாராம். ஒரே மூச்சில் போட்டது, எங்கேயும் ஒரு மூட்டு இல்லை என்று சொல்கிறாராம்.

ஒன்று இருந்திருக்க வேண்டும், கன்னியம்மா. வேப்பமரத்துக்கு நேராக, பாதித் தளத்தில், ஒரு மூட்டு இருந்திருக்க வேண்டும்.

மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்த இடத்தில் புதுசு புதுசாக வீடுகள் எழும்புகின்றன. அங்கே ஒரு தளம் போட வக்கீலே என்னைச் சொல்லிவிட்டிருக்கிறார். தை பிறந்ததும் வேலை. சட்டி தூக்க இருபது பெண்கள் வருவார்கள். உன் மேல் ஆணையாகச் சொல்கிறேன். அவர்களில் யார் மரத்தடியில் போய் உட்கார்ந்தாலும், அவள் என்ன சொன்னாலும், கையைத் தூக்கி நிறுத்திவிடுவேன். மூட்டு விழுந்தால் விழட்டும். மூட்டை அடைக்க எனக்குத் தெரியும்.

அன்றைக்குத் திரும்பிப் பார்க்காத
உன் வீட்டுக்காரன்,
ஏழுமலை