சாப்பாட்டோடு மெல்ல வேண்டிய மாத்திரை

அனுப்புநர்:
தா. விக்டோரியா,
க/பெ. தாவீது,
புதுவாயல்,
திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருவள்ளூர்.

பொருள்: டயாலிசிஸ் நோயாளியான என் கணவருக்கு, பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் மாத்திரையை வீட்டுக்குத் தர மறுப்பது – உத்தரவு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் தாவீது, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இரும்புத் தகடுகளைப் பெயிண்ட் அடிக்கும் முன் பாஸ்பேட் தொட்டியில் முக்கி எடுக்கும் வேலையில் இருந்தவர். அந்தப் பூச்சு ஏறினால்தான் பெயிண்ட் பிடிக்கும், துரு அண்டாது. அவருக்குச் சிறுநீரகம் போனது சர்க்கரை நோயால். கம்பெனி மீது எனக்குப் புகார் இல்லை. இப்போது வாரம் மூன்று நாள் அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்துகொள்கிறார்.

2. பாஸ்பேட் கெட்ட பொருள் இல்லை என்று டாக்டர் சொன்னார். எலும்புக்கும் பல்லுக்கும் அது வேண்டும். உடம்பில் ஒவ்வொரு செல்லுக்கும் தெம்பு கொடுப்பதும் அதுதான். பால், பருப்பு, முட்டை, மீன் எல்லாவற்றிலும் இருக்கிறது. மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். சிறுநீரகம் கெட்டவருக்கு அது ரத்தத்திலேயே தேங்கி, எலும்பின் சுண்ணாம்புச் சத்தை உருவி, ரத்தக் குழாயில் படிய வைக்கும். டயாலிசிஸ் இயந்திரத்தால் முழுவதையும் எடுக்க முடியாது. அதனால் ஒரு கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சாப்பாட்டோடு மென்றால், அது வயிற்றிலேயே பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு போய்விடும். வெறும் வயிற்றில் தின்றால், பிடிக்க அங்கே ஒன்றும் இருக்காது.

3. இந்த மாத்திரையை மருத்துவமனையில் கையில் தருவதில்லை. முன்பு யாரோ வெளியே விற்றுவிட்டாராம். ஆகவே டயாலிசிஸ் அறையில், ஊழியர் கண்ணெதிரே தின்ன வேண்டும் என்பது விதி. அந்த அறையில் சாப்பாடு கூடாது என்பதும் விதி. இரண்டு அறிவிப்பும் ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியிருக்கின்றன.

4. நானும் முயன்று பார்த்துவிட்டேன். டப்பாவில் இட்லி கொண்டுபோய், மாத்திரை வரும் நேரத்தில் ஊட்டினேன். டப்பாவைப் பிடுங்கி வெளியே வைத்தார்கள். வராந்தாவில் சாப்பிடட்டும், மாத்திரையை அங்கே கொடுங்கள் என்றேன். வராந்தா அறைக்குள் சேராதாம். மருந்தாளுநர், "இன்னாம்மா, டெய்லி வந்து பேஜாரு பண்ணிக்கினு கீறே? மாத்திரை துன்னாரா இல்லியா, அத்த சொல்லு" என்றார். தின்றார் ஐயா. அதில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

5. அதுவும் வாரம் மூன்று நாள்தான். என் கணவர் ஏழு நாளும் சாப்பிடுகிறார். இதையெல்லாம் எழுதிக் காட்ட வேண்டியிருப்பதை நினைத்தால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

6. மருத்துவமனையில் எழுத்து மூலமாகவும் கேட்டேன். "நோயாளி மாத்திரைகள் அனைத்தையும் உட்கொண்டுள்ளார், குறை ஏதுமில்லை" என்று பதில் வந்தது. ஐந்தரைக்கு மேல் போகக்கூடாத பாஸ்பேட் அவர் ரத்தத்தில் எட்டைத் தாண்டிவிட்டது. உடம்பெல்லாம் அரிப்பு. முதுகைச் சுவரில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டார். "அத்த தகட்டுல ஏத்திக்கினு இருந்தேன், இப்ப அது என் மேல ஏறிக்கினு கீது" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயமாக இருக்கிறது. அவருக்குப் பிடித்த மீன் குழம்பை வீட்டில் நிறுத்திவிட்டேன்.

7. ஆகவே, ஒரு மாதத்துக்கான மாத்திரையை வீட்டுக்குத் தர உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். காலி அட்டைகளை ஒன்று விடாமல் திருப்பிக் கொடுக்கிறேன். கண்ணால் பார்த்தே தீர வேண்டும் என்றால், அந்த ஊழியர் மாத்திரையோடு வேளாவேளைக்கு எங்கள் வீட்டுக்கு வரட்டும். நான் கேன்டீனில் சமைப்பவள்; அவருக்கும் ஒரு தட்டு வைப்பது எனக்குப் பாரமில்லை. எதிரே உட்கார்ந்து, என் கணவர் மெல்வதைப் பார்த்துக்கொள்ளட்டும். வரும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால் மீன் குழம்பு வைப்பேன். என் கணவரும் அன்றைக்கு ஆசையாகச் சாப்பிடுவார்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) தா. விக்டோரியா

இடம்: புதுவாயல்
நாள்: 12.08.2024