‘எடுத்தாக’ என்று சொன்னேன்

9ந் தேதி, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஊரில் இப்படித் தூறினால் திராட்சைக்கு ஆகாது. இங்கே வராண்டாவுக்கு ஆகவில்லை. துடைக்கும் முறை எனக்கு. மூன்று தடவை துடைத்தும் சேறு. வார்டன் சார் குனிந்து தரையைப் பார்த்துவிட்டுப் போனார். அதுதான் பயமாக இருந்தது.

கூர்நோக்கு இல்லத்தில் இன்றோடு எட்டு நாள். நோட்டு கொடுத்தது நன்னடத்தை அலுவலர் மேடம். சென்னைக்காரர். மனதில் உள்ளதை எழுது என்றார். யாராவது எடுத்துப் படித்தால்? அதனால் சித்தப்பாவை இனி ‘சி.’ என்றே எழுதுவேன்.

பயம்:
1. பெரிய பையன்கள் குளிக்க வரும் நேரம்
2. சாவிக் கொத்துச் சத்தம்
3. வியாழக்கிழமை விசாரணை

பட்டப்பகலில்தான் நடந்தது. ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் இருந்து சி. இரண்டு மூட்டை எடுத்தார். தூக்கு என்றார், தூக்கினேன். திருட்டு என்று பாதி தெரியும். திராட்சைத் தோட்டத்துக் கொட்டகையில் மூட்டையோடு நான் மாட்டினேன். சி. குமுளிப் பக்கம் போய்விட்டார். அன்று கொட்டகைக்குச் சோறு கொண்டுவந்தது தம்பி செல்வம். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

10ந் தேதி, செவ்வாய்

வெயில். உப்புமா, கட்டி.

மேடம் என் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். “அவர்கள் எடுத்தார்கள். என்னைத் தூக்கச் சொன்னார்கள்.” நான் சொன்னது, ‘அவுக எடுத்தாக, என்னயத் தூக்கச் சொன்னாக.’ எழுதும்போது அப்படித்தான் எழுதுவார்கள்போல என்று தலையாட்டினேன்.

“எத்தனை பேருன்னு மட்டும் சொல்ல மாட்டேங்குற,” என்றார். சி. பெயரைக் கேட்கிறார் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

11ந் தேதி, புதன்

குழாயடியில் ஒருவன்: “பொடியன் ஒருத்தன் வாரானாம்டா. எட்டாங்கிளாஸாம்.”

செல்வமும் எட்டாவது. இன்னும் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான்.

மதியம் அம்மா. இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். கொண்டுவந்த முறுக்கை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள், போகும்போதுதான் திருப்பித் தருவார்களாம். மேடம் பக்கத்தில் இருந்தார்.

“போலீஸ்காரவுக வந்தாகய்யா. செல்வத்தக் கேட்டாக. பள்ளிக்கொடத்துலயும் போய் நின்னாக.”

“எத்தனை பேர் வந்தாங்க?” என்றார் மேடம்.

“ஒரு ஏட்டையாதேன்.”

“ஒருத்தர்னா ஏன் வந்தாகன்னு சொல்றீங்க?”

“பெரியவுகள வந்தான்னா சொல்லுவாக?”

மேடம் எழுந்துபோய் ஃபைலை எடுத்து வந்தார். ஒரு வரியில் விரலை வைத்தார். “நீயும் ஒருத்தரைத்தான் சொன்னியா? நான் பல பேருன்னு எழுதிட்டேனே. அதனாலதான் கொட்டகைக்குச் சோறு கொண்டுவந்த உன் தம்பியையும் கூட்டுன்னு தேடுறாங்க. நாளைக்கு நீயே திருத்திச் சொல்லணும்.”

அம்மா என்னையே பார்த்தாள். கிளம்பும்போது காதோரம்: “சித்தப்பாவக் காட்டிக் குடுத்துராதய்யா. அப்பா போன பெறகு நமக்கு யாரு இருந்தா?” நாலு எட்டு வைத்துத் திரும்பி வந்தாள். “செல்வத்தயும் விட்டுராத, சாமி.”

இரண்டும் எப்படி முடியும்? பயம் 1, 2, 3 எல்லாம் அடித்துவிட்டேன். இப்போது இது ஒன்றுதான்.

12ந் தேதி, வியாழன்

விசாரணை. வேனில் வாந்தி. சட்டை நனைந்துவிட்டது.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் நீதிபதி அம்மா. சட்டைக் கறையைக் கையால் மூடினேன். மறைக்க முடியவில்லை.

“மூட்டையை எடுத்தது எத்தனை பேர்ப்பா?”

‘அவுக’ என்று வாய் வரை வந்தது. அவுகதான் எனக்கு சைக்கிள் பழக்கினார். அப்பாவுக்குக் கொள்ளி வைக்கும்போது என் கையைப் பிடித்திருந்தார். விழுங்கினேன். பின் பெஞ்சில் அம்மா, மடியில் அதே முறுக்குப் பை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

“ஒருத்தன்,” என்றேன்.

“யாரு?”

“எங்க சித்தப்பா. அவன்தேன் எடுத்தான். என்னயத் தூக்கச் சொன்னான்.”

என் குரல் மாதிரியே இல்லை. நீதிபதி அம்மா எழுதிக்கொண்டார். செல்வத்தை இனி யாரும் தேட மாட்டார்கள் என்று மேடம் சொன்னார்.

திரும்பிப் பார்த்தேன். அம்மா இருந்த இடத்தில் முறுக்குப் பை மட்டும் இருந்தது.